இரண்டு 'இல்லை'கள்

ஒரு கலைஞன் தன் அந்தரங்கத்தைத் திறந்து காட்டிவிட்டான் என்பதாலேயே அவன் படைப்பு உயர்ந்துவிட்டதாக முடிவு கட்டுவது சோம்பேறி விமர்சனம். 'உண்மையாகச் சொல்லியிருக்கிறார்' என்பதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் பாராட்டு எதுவுமில்லை. கெண்ட்ரிக் லமாரின் 'மிஸ்டர் மொரால் அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்' 2022 மே 13 அன்று வெளியானது. அன்று தொட்டு அதன்மீது இந்தப் பாராட்டுதான் அதிகம் கொட்டப்பட்டிருக்கிறது. துணிச்சல், நேர்மை, முதிர்ச்சி. பிடிக்காதவர்களும் இதே மூன்று சொற்களைத்தான் திருப்பிப் போட்டார்கள்: துணிச்சல் போதாது, நேர்மை பாதிதான், முதிர்ச்சி பாசாங்கு. இரு தரப்பும் மனிதரை விசாரித்தன. பாட்டை விசாரித்தவர்கள் குறைவு.

அந்த மனிதர் திருந்திவிட்டாரா என்பது அவர் வீட்டார் கவலை. ஒரு வாக்குமூலம் எங்கே பாட்டாகிறது, எங்கே வெறும் வாக்குமூலமாகவே நின்றுவிடுகிறது என்பதுதான் நமக்குக் கேள்வி. இந்த ஒரே இசைத்தட்டில் இரண்டும் நடந்திருக்கின்றன. (இசைத்தட்டு என்று பழைய பழக்கத்தில் சொல்கிறேன். இன்று பெரும்பாலோர் காதில் தட்டு எதுவும் சுழல்வதில்லை.)

ராப் என்றாலே இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த கொண்டாட்டம் ஒன்றைத்தான் ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகக் குறிப்பிடுவது வழக்கம். இரண்டு சுழல்மேசைகளை வைத்துக்கொண்டு, பாட்டுகளில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடங்களை நீட்டி நீட்டி ஒலிக்கவிட்டார்கள். அந்த நீட்டிப்பின்மீது ஒருவன் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினான். நாளடைவில் பேச்சு பிரதானமாயிற்று. மெட்டு அநேகமாக உதிர்ந்துபோன பாட்டு இது. மிஞ்சியது தாளம், மூச்சு, எதுகை, குரலின் கனம். சொல் தாளத்தின்மேல் சரியாக விழலாம், முந்தலாம், பிந்தலாம், விழாமலே நழுவலாம். இந்த விளையாட்டில்தான் அர்த்தம் பிறக்கிறது. செய்யுளின் ஆதி இயல்புக்கு இன்றைய புதுக்கவிதையைவிட இது நெருக்கமானது என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்று, ராப்பில் வரும் 'நான்'. அது பெரும்பாலும் ஒரு மரபு. நம் புறத்திணையில் வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதை நெடுமொழி என்பார்கள். ராப்பின் 'நான்' அந்த நெடுமொழிக்காரன். என்னைப் போல் ஒருவனில்லை, என் எதிரில் நின்றவன் பிழைத்ததில்லை. கேட்பவன் இதை எழுத்துக்கு எழுத்து நம்புவதில்லை. சொல்லும் அழகை ரசிக்கிறான். இந்த மரபுக்குள் நின்றுகொண்டு ஒருவன் தன் தோல்வியை, தன் துரோகத்தை, தன் தாய்க்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்ல முற்படும்போது சிக்கல் எழுகிறது. நெடுமொழியின் குரலில் அகத்தைப் பாடியாக வேண்டும். நம் அகப்பாட்டிலோ தலைமக்களுக்குப் பெயர் சூட்டக் கூடாது என்பது விதி. யாருடைய துக்கமும் ஊர் வாயில் விழாமல் காப்பாற்றப்பட்டது. லமாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் பெயரைச் சொல்கிறார். தன் பெயர், மனைவிபோல் உடன் வாழும் பெண்ணின் பெயர், உறவினரின் பெயர்.

லமார் 1987-ல் கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் பிறந்தவர். அடுத்த ஆண்டே என்.டபிள்யூ.ஏ. என்ற குழு அந்த ஊரின் பெயரைத் தன் இசைத்தட்டின் தலைப்பில் வைத்து உலகறியச் செய்தது. துப்பாக்கியும் தெருக்கூட்டங்களும் நிறைந்த ஊர் என்ற பெயர்தான் அது. லமார் அந்த ஊரின் பிள்ளையாக, ஆனால் கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையாகத் தன்னை வைத்துக்கொண்டார். சாட்சியின் இடம் அது. அந்த இடத்தில் உள்ள குற்றத்தை அவர் மிகச் சீக்கிரமே உணர்ந்துவிட்டார் என்பதுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது.

2011-ல் வந்த 'செக்ஷன்.80'-ல் கீஷா என்ற பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. உடலை விற்றுப் பிழைத்துக் கொல்லப்பட்டவள். உருக்கமான பாட்டு, உருக்கத்தைத் தாண்டிப் போகாத பாட்டு. அடுத்த ஆண்டு 'குட் கிட், மாட் சிட்டி' வந்தபோது, அதன் மையத்தில் இருக்கும் 12 நிமிடப் பாட்டில் கீஷாவின் சகோதரி பேசுகிறாள். என் அக்கா தங்கையின் கதையை எடுத்துப் பாட்டாக்க நீ யார் என்று கேட்கிறாள். அவளும் அதே தெருவில் நிற்கிறவள். அனுதாபம் வேண்டாம் என்கிறாள். தான் மறைந்துபோகப் போவதில்லை என்று அவள் சாதித்துக்கொண்டிருக்கும்போதே குரல் சன்னமாகித் தேய்ந்து இசைக்குள் அமிழ்ந்துபோகிறது. அதே பாட்டின் முதல் பகுதியில் பேசும் இளைஞன் வாக்கியத்தை முடிக்குமுன் துப்பாக்கி வெடிக்கிறது. பிறர் கதையைச் சொல்கிறவன் பிறர் குரலை அடக்கியும் விடுகிறான் என்ற உணர்வை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஒலியின் அளவைக் குறைத்தே சொல்லிவிட்ட இடம் அது. 25 வயதில் செய்தது. இன்றுவரை அதைவிடப் பெரிய இடங்கள் அவரிடம் மிகச் சிலவே.

2015-ல் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'. ஜாஸ், ஃபங்க் என்று கறுப்பின இசையின் பழைய ஆறுகள் எல்லாம் வந்து கலந்த படைப்பு. கமாசி வாஷிங்டன், தண்டர்கேட் போன்ற வாத்தியக்காரர்கள் அதில் சும்மா பின்னணியாக நிற்கவில்லை. அதில் ஒரு விடுதி அறையில் குடித்துக் குமுறும் குரலில் லமார் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும் 'யு' என்ற பாட்டும் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கை சொல்லும் 'ஆல்ரைட்' என்ற பாட்டும் இருக்கிறது. போலீஸ் வன்முறைக்கு எதிரான ஊர்வலங்களில் ஜனங்கள் இரண்டாவதை எடுத்து முழங்கினார்கள். முழங்கியதில் தவறில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஒரு இனத்தின் வாயாகிவிட்டார். 2017-ல் 'டாம்ன்', 2018-ல் அதற்குப் புலிட்சர் பரிசு. சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் தடவை. அந்த ஆண்டே 'பிளாக் பேந்தர்' படத்துக்கான பாடல் தொகுப்பு. பிறகு தன் பெயரில் முழு இசைத்தட்டு எதுவும் இல்லை. இடைவெளி 1855 நாட்கள். கணக்கை அவரே புதிய இசைத்தட்டின் முதல் பாட்டில் சொல்கிறார்.

ஒரு தீர்க்கதரிசி மௌனமாக இருந்தால் ஜனங்கள் அவன் மலையிலிருந்து பலகையோடு இறங்கி வருவான் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். இசைத்தட்டின் உறை அந்த எதிர்பார்ப்பையே கேலி செய்கிறது. தலையில் முள்முடி, கையில் குழந்தை, இடுப்பில் செருகிய துப்பாக்கி, பின்னால் கட்டிலில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பிரசங்கியும் குடும்பஸ்தனும் பயந்தவனும் ஒரே அறையில்.

18 பாட்டுகள், இரண்டு பகுதிகள், பகுதிக்கு ஒன்பது. ஊடாக ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது: மரத்தரையில் உலோகம் பதித்த காலணி தட்டும் சத்தம். டாப் நடனம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் காலிலிருந்தும் ஐரிஷ்காரர்களின் காலிலிருந்தும் பிறந்த நடனம் இது. வெள்ளைக்காரச் சபையைச் சிரிக்க வைக்கக் கறுப்பன் ஆடிக்காட்ட வேண்டியிருந்த நடனமும் இதுதான். நேரே பேச வேண்டியதைப் பேசாமல் சுற்றி வளைப்பவனையும் ஆங்கிலத்தில் இந்த நடனத்தைச் சொல்லியே குத்திக் காட்டுவார்கள். தலைப்பில் உள்ள 'ஸ்டெப்பர்' தெருப்பேச்சில் கொலைக்கு அஞ்சாதவனையும் குறிக்கும். கேளிக்கை, நழுவல், கொலை மூன்றும் ஒரே காலடிச் சத்தத்தில். பேசாமல் பேசும் இத்தகைய இடங்களில் லமார் ஒரு நிஜமான உருவவாதி. இசைத்தட்டு முழுவதும் அவர் எதையோ சொல்ல வருகிறார், காலைத் தட்டி நகர்ந்துவிடுகிறார், மறுபடி வருகிறார். உடன் வாழும் விட்னி ஆல்ஃபோர்டின் குரல்தான் இடையிடையே வந்து அவரை நிறுத்தி வைத்துப் பேச்சுக்குத் திருப்புகிறது.

அப்படித் திருப்பப்பட்ட பாட்டுகளில் ஒன்று 'ஃபாதர் டைம்'. அழக்கூடாது, விழுந்தால் எழு, எவனையும் நம்பாதே என்று வளர்த்த தந்தையைப் பற்றியது. தன் தாய் இறந்ததும் துக்கத்துக்கு இருக்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்ட தந்தையை மகன் ஏன் என்று கேட்கிறான். கட்ட வேண்டிய பணம் காத்திருக்கிறது, வாழ்க்கை இதுதான் என்கிற மாதிரி பதில் வருகிறது. இதை லமார் குற்றச்சாட்டாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. குரல் மட்டும் இறுகிக்கொண்டே போகிறது. ஆண்மை என்பது என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தப் பாட்டில் எதுகைகள் அடுக்கடுக்காக முட்டிக்கொண்டு வரும் வேகத்தைக் கவனிக்கலாம். அழ அனுமதிக்கப்படாதவன் பேசும் வேகம் அது.

'வி க்ரை டுகெதர்' வேறு வகை. நடிகை டெய்லர் பேஜும் லமாரும் ஏறக்குறைய ஆறு நிமிடம் போடும் சண்டை, வேறொன்றுமில்லை. வசை, பதில் வசை. வீட்டுச் சண்டை பொதுச் சண்டையாகி நாட்டு ஆண்கள் எல்லோரும் சந்திக்கு இழுக்கப்படுகிறார்கள். ஆனால் இருவருடைய வசையும் எதுகை தவறாமல் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு போகிறது. இத்தனை வெறுப்பிலும் இருவரும் ஒரே தாளத்தில் இருக்கிறார்கள். அந்தத் தாம்பத்தியத்தின் நோய் அதுதான் என்று பாட்டு காட்டிவிடுகிறது. இரண்டாம் முறை கேட்க மனம் வருவதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அதிகச் சர்ச்சைக்கு உள்ளானது 'ஆன்ட்டி டயரீஸ்'. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் உறவினர் ஒருவர். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் உறவினர் இன்னொருவர். சிறுவனாக இருந்தபோது தானும் தன் கூட்டாளிகளும் அவர்களைப் போன்றவர்களை இழிவாகப் பேசியதை, அந்த இழிசொல்லையே வெளிப்படையாகச் சொல்லி நினைவுகூர்கிறார். அவன் என்கிறார், அவள் என்கிறார், பழைய பெயரைச் சொல்கிறார், பிறகு புதிய பெயர். தேவாலயத்தில் போதகர் அந்த உறவினரை வைத்துப் பிரசங்கம் செய்தபோது தான் எழுந்து நின்றதைச் சொல்கிறார்.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பால் கிடையாது. பிரதிப்பெயரை மாற்றினால் போதும். தமிழில் இதே பாட்டை எழுதுகிறவன் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வந்தானா, வந்தாளா என்று பதில் சொல்லியாக வேண்டும். 'அவர்' என்ற மரியாதைக்குள் போய் ஒளிந்துகொள்ளத்தான் வழி. (நானே சற்று முன் அதைத்தான் செய்திருக்கிறேன்.) ஆங்கிலத்தில் அந்தத் தடுமாற்றம் ஒற்றைச் சொல்லில் நடக்கிறது. லமார் அந்தத் தடுமாற்றத்தையே பாட்டின் ஓட்டமாக வைத்திருக்கிறார். அநேகமாக ரகசியம் பேசுவதுபோல் தொடங்கி, சொற்கள் திருந்தத் திருந்த இசை பெருகுகிறது.

இதற்கு ஆட்சேபம் எழுந்தது. குழந்தையின் அறியாமையைக் காட்ட, 34 வயது மனிதர் அந்த இழிசொல்லை இத்தனை தடவை உச்சரிக்க வேண்டுமா? அடிபட்டவர்களின் காதில் அது மறுபடியும் அடியாகத்தானே விழும்? விட்டுவிட்ட பழைய பெயரைப் பிறர் அறியச் சொல்ல இவருக்கு யார் உரிமை தந்தது? இந்த ஆட்சேபத்தைத் தூய்மைவாதம் என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நியாயமான ஆட்சேபம். கீஷாவின் சகோதரி கேட்ட அதே கேள்வி.

ஆனால் பாட்டின் முடிவைப் பார்க்க வேண்டும். 2018-ல் அலபாமாவில் நடந்த ஒரு கச்சேரியில் லமார் வெள்ளைக்கார ரசிகை ஒருத்தியை மேடைக்கு அழைத்துத் தன் பாட்டைப் பாடச் சொன்னார். அவள் பாட்டில் இருந்த, கறுப்பினத்தவரை இழிவு செய்யும் சொல்லையும் சேர்த்துப் பாடவே நிறுத்திக் கண்டித்தார். அந்தச் சம்பவத்தைத்தான் உறவினர் இங்கே எடுத்துப் போடுகிறார்: எங்களைக் குறிக்கும் சொல்லை நீ சொல்லலாம் என்றால், உங்களைக் குறிக்கும் சொல்லை அவள் சொல்லவும் விடு. இதற்கு லமார் பதில் சொல்லவில்லை. பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது. 2012-ல் குற்றம் சாட்டியவளின் குரல் தேய்ந்து போனது. பாட்டு மேலே நடந்தது. 2022-ல் குற்றச்சாட்டுதான் கடைசி வார்த்தை. கலைஞனாக இவர் வளர்ந்திருக்கிறார் என்று நான் சொல்வது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். வளர்ச்சி முழுமையானது என்று சொல்லமாட்டேன். அந்த வார்த்தையையும் லமாரின் வாய்தான் சொல்கிறது. விட்னிக்கும் டெய்லர் பேஜுக்கும் கிடைத்த சொந்தக் குரல் அந்த உறவினருக்குக் கிடைக்கவில்லை.

'மதர் ஐ சோபர்' பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பியானோவின் சில சுரங்கள் திரும்பத் திரும்ப, தாளம் எங்கோ அடியில், குரல் முணுமுணுப்புக்குச் சற்றே மேலே. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பெத் கிப்பன்ஸ், தான் வேறு யாராகவாவது இருக்கக்கூடாதா என்ற ஏக்கத்தை இடையிடையே பாடிவிட்டுப் போகிறார். நெடுமொழியின் நிழல்கூட இல்லாத ராப் இது. லமார் சொற்களைத் தாளத்தின்மேல் எறியவில்லை. ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறார்.

சொல்வது இது. ஐந்து வயதில் தன் தாய் அடிபட்டதைக் கேட்டவண்ணம் ஒன்றும் செய்ய இயலாமல் இருந்தான் அந்தப் பையன். பிறகு ஒரு நாள் வீட்டார் அவனைச் சூழ்ந்துகொண்டு, உறவுக்காரப் பையன் உன்னைத் தகாத விதத்தில் தொட்டானா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறான். அது உண்மை. யாரும் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வெகு காலம் கழித்து, ஏன் என்னை நம்பவில்லை என்று தாயிடம் கேட்டபோதுதான், சிகாகோவில் அவளுக்கு நேர்ந்தது தெரிய வருகிறது.

வாக்குமூல இலக்கியத்துக்கு வழக்கமாக ஒரு சம்பவம் வேண்டும். எனக்கு இது நடந்தது, அதனால் நான் இப்படியானேன். இங்கே வாக்குமூலத்தின் மையத்தில் சம்பவம் இல்லை. நடக்காத ஒன்று இருக்கிறது. காயம் ஏற்பட்டது செயலால் அல்ல. நம்பப்படாத ஒரு உண்மையால். தாயின் காயம் மகனிடம் வந்து சேர்ந்த வழியும் அந்தக் கேள்விதான். தனக்கு நடந்தது இவனுக்கும் நடந்திருக்கும் என்ற பயத்தில் கேட்டவள், கேட்டுக் கேட்டே அதில் ஒரு பங்கை அவனிடம் இறக்கிவிட்டாள். இதை விளக்க உளவியல் நூல் வேண்டாம். ஒரு அறை, ஒரு பையன், ஒரு கேள்வி, போதும்.

பிறகு இரண்டாவது 'இல்லை' வருகிறது. பிற பெண்களோடு தனக்கிருந்த உறவுகளால் நொந்து போயிருந்த விட்னி, உனக்கு இது ஒரு போதைப் பழக்கமா என்று அவரைக் கண்ணுக்கு நேரே பார்த்துக் கேட்கிறாள். இல்லை என்கிறார். இந்தத் தடவை அது பொய் என்று நம்மிடம் சொல்கிறார். அவ்வளவுதான். 'இந்தத் தடவை' என்ற சின்ன ஒட்டு வார்த்தை அந்தப் பழைய அறைக்கும் இந்தச் சமையலறைக்கும் நடுவே உள்ள இருபத்தைந்து முப்பது வருஷத்தைக் கட்டிவிடுகிறது. உண்மை சொன்னபோது நம்பாதவர்கள், பொய் சொல்லும் காலத்தில் கோடிக்கணக்கில் நம்பினார்கள். மது தொடாதவன், நிதானம் தவறாதவன் என்று தன்னைப் பற்றி அவர் கொண்டிருந்த பெருமையும் இங்கே உடைகிறது. தலைப்பில் இருக்கும் நிதானம் வேறு போதையிலிருந்து தெளிவது. அடிமைக் காலம் தொட்டுக் கறுப்பினப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடந்த பலாத்காரங்களை அவர் பிறகு தொட்டுப் பேசும்போது அது பிரசங்கமாக ஒலிக்கவில்லை என்றால், இந்த இரண்டு 'இல்லை'களைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர்கிறார் என்பதுதான் காரணம்.

பாட்டின் கடைசியில் விட்னி அவரைப் பாராட்டுகிறாள். பரம்பரைச் சாபத்தை உடைத்துவிட்டாய் என்கிறாள். மகளின் மழலை நன்றி சொல்கிறது. கேட்டவர்கள் பலர் இந்த இடத்தில் கண்ணீர் விட்டார்கள். எனக்கு இது சரிவாகப் பட்டது. பாட்டு சாதித்துவிட்டதைப் பாட்டே எழுந்து நின்று அறிவித்துக்கொள்வதாகத் தோன்றியது. 'ஆன்ட்டி டயரீஸ்' கேள்வியோடு விட்டுப் போகத் தெரிந்து வைத்திருந்தது. 'மதர் ஐ சோபர்' வருவதற்குள் அந்தத் தைரியம் போய்விட்டது.

இந்தச் சரிவு வேறு இடங்களிலும் உண்டு. ஜெர்மனியில் பிறந்த ஆன்மிகப் பேச்சாளர் எக்ஹார்ட் டோல்லேயின் குரல் வந்து துன்பத்தை விளக்குகிறது. கலைஞன் சிரமப்பட்டு ஒரு காலடிச் சத்தத்தில் கொண்டுவந்ததை இவர் ஒரு சொற்பொழிவில் கலைத்துவிடுகிறார். 'க்ரௌன்' எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது என்ற ஒன்றையே சொல்லிச் சொல்லி ஓய்கிறது. 'சேவியர்' தன்னையும் ஜே. கோல், ஃப்யூச்சர், லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோரையும் பெயர் சொல்லி, எங்களில் யாரும் உங்கள் ரட்சகன் இல்லை என்கிறது. நல்லது. ஆனால் ரட்சகன் இல்லை என்பதை இத்தனை உயரமான மேடையிலிருந்து அறிவிக்க வேண்டியிருப்பதிலுள்ள வேடிக்கை அந்தப் பாட்டுக்குத் தெரியவில்லை. முள்முடியை அணிந்துகொண்டேதான் அதைக் கழற்றப் போவதாகச் சொல்கிறார்.

கோடாக் பிளாக் விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. 2016-ல் ஒரு பள்ளி மாணவி தந்த பாலியல் புகாரில் கைதான இந்த ராப் பாடகர், 2021-ல் தாக்குதல் என்ற குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார். இசைத்தட்டில் பல இடங்களில் இவர் குரல் வருகிறது. இதை லமாரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, வேண்டுமென்றே செய்தது. காயப்பட்டவன் காயப்படுத்துகிறான், சங்கிலி எல்லோரையும் கட்டியிருக்கிறது, யாரையும் வெளியே தள்ளி வாசலைச் சாத்த முடியாது என்ற அவருடைய வாதத்துக்கு இவர் உதாரணம். வாதம் என்ற அளவில் மறுக்கச் சிரமமானது. ஆனால் கலையில் உதாரணம் காட்டினால் போதாது. மன்னிப்பு என்பதை 'மதர் ஐ சோபர்'-ல் அவர் ஈட்டிக் கொண்டுவருகிறார். தன் தாயின் முகத்தை நேரே பார்க்க முடியாத வலியைச் சொல்லித்தான் அங்கே வருகிறார். கோடாக் பிளாக் பகுதிகளில் அப்படி எதுவும் ஈட்டப்படவில்லை. அவருடைய குரலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த மாணவி இருந்த இடம் சூன்யம். கீஷாவின் சகோதரியை 2012-ல் கற்பனை செய்து பேச வைத்தவர், இங்கே ஒரு நிஜப் பெண்ணின் மௌனத்தைக் கவனிக்காமல் நகர்ந்துவிட்டார். இசைத்தட்டின் பெரிய ஊனம் இது. அதன் சிறந்த பாட்டுகளே இதை ஊனமாகக் காட்டிக் கொடுக்கின்றன.

'மிரர்' என்ற கடைசிப் பாட்டில், ஜனங்களிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தன்னைத் தேர்ந்துகொண்டு விலகிப் போவதாகச் சொல்கிறார். பலருக்கு இதில் மனக்கசப்பு. நாங்கள் தெருவில் நின்றபோது உன் பாட்டை முழங்கினோம், நீ வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாயா என்று. கவிஞன் சமூகத்துக்குக் கடமைப்பட்டவனா என்று நம் சிறு பத்திரிகைகளும் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. லமார் விஷயத்தில் என் பதில், அவர் சமூகத்தைவிட்டு விலகவே இல்லை என்பது. 'ஃபாதர் டைம்' வீட்டையும் 'மதர் ஐ சோபர்' அறையையும்விடச் சமூகம் என்று வேறெதைச் சொல்வது? ஊர்வலத்தில் முழங்க முடியாத பாட்டுகள், அவ்வளவுதான்.

விலகிப் போனவர் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்தார். 2024-ல் கனடாவின் ராப் பாடகர் டிரேக்கோடு மூண்ட பாட்டுச் சண்டையில், எதிரியின் மானத்தையே குறிவைத்து மே மாதம் வெளியிட்ட 'நாட் லைக் அஸ்' ஊரெல்லாம் ஒலித்தது. 2025 பிப்ரவரியில் அதற்கு ஐந்து கிராமி பரிசுகள். ஒரே வாரத்தில் சூப்பர் பௌல் மைதானத்தின் நடுவில் அதே பாட்டு. பழைய நெடுமொழி, கூர்மை கொஞ்சமும் மழுங்காமல். உடனே, வாக்குமூலம் எல்லாம் வேஷம், பார்த்தாயா என்று கிளம்பிவிட்டார்கள்.

'ஃபாதர் டைம்'-ஐ மறுபடி கேட்டுப் பார்த்தேன். 2021 கடைசியில் கான்யே வெஸ்டும் டிரேக்கும் பழைய பகையை விட்டு ஒரே மேடையில் தோன்றினார்கள். அதைப் பார்த்ததும் தனக்கு என்னவோபோல் இருந்தது என்று லமார் அந்தப் பாட்டில் ஒத்துக்கொள்கிறார். பகையை விடுவது எப்படி என்று தந்தை சொல்லித் தரவே இல்லை. தான் நினைத்த அளவு பக்குவப்பட்டவன் இல்லையோ என்னவோ. போகிற போக்கில், இரண்டே வரி அளவில். 2022-ல் கேட்டபோது வெறும் ஊர்வம்பு என்று நினைத்து நான் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.